கை சொல்லும் என்ற பாதி உண்மை



இந்த உரையை இருவர் சேர்ந்து எழுதினோம். வாசிப்பது ஒருவர், பேசுவது இருவரும். அதனால் கடைசிவரை ‘நாங்கள்’ என்றே வரும்.

இந்த உரை யார் நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியர் ஐயாவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு செய்தியை நினைவூட்டித்தான் தொடங்க வேண்டும். அவர் பறையடித்தவரின் மகன். வாத்தியார் வேலை கிடைத்ததும் தன் வீட்டுப் பறையைப் பரணில் ஏற்றினார். பிள்ளைகளைத் தொடவிடவில்லை. பிறகு 1990களில், இழவு வீட்டு ஏவலாக இருந்த பறை விடுதலைக் கலையாக மேடையேறத் தொடங்கியபோது, ஐம்பது வயதைத் தாண்டிய அவர் தன்னைவிட இளையவர்களிடம் உட்கார்ந்து அதை முறையாகக் கற்றார். அப்பா உயிரோடு இருந்தபோது கற்காததை, அப்பா போனபிறகு கற்றார். பரணில் ஏற்றியதும் அவர் முடிவு, இறக்கியதும் அவர் முடிவு. அந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் இன்று முயல்கிறோம்.

எங்கள் தொழில் வடிவமைப்பு ஆய்வு. ‘டிசைன்’ என்றதும் சட்டைத்துணியும் நகையும் நினைவுக்கு வரலாம். நாங்கள் செய்வது வேறு. ஒரு பொருளை மனிதர்கள் எப்படிச் செய்கிறார்கள், அதைச் செய்யும் திறனை யாரிடம், எந்த வரிசையில், என்ன விலை கொடுத்துக் கற்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுதுவது. மரபுக் கைவினைகள் எப்படிக் கற்கப்படுகின்றன என்ற ஒரு பெரிய திட்டத்தில் நெசவை ஒருவர் எடுத்தார், மண்பாண்டத்தை ஒருவர், மரப்பொம்மையை ஒருவர். தோல் வேலையை யாரும் எடுக்கவில்லை. நாற்றம் என்றார் ஒரு சக ஆய்வாளர், சிரித்துக்கொண்டே. எங்களில் ஒருவருடைய தாத்தா தோல் மண்டியில் உப்புப் போட்டவர் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் மிருதங்கம் செய்வதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

சென்னையில் ஒரு சந்துக்குள் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி கடை. பெரியவர் ஒருவர், அவர் தம்பி மகன், வேலை பழகும் இரண்டு பையன்கள். ஏழு மாதம் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

மிருதங்கத்தை மேடையில் மட்டுமே பார்த்த மாணவர்களுக்காக அதன் உடலைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கட்டை பலாமரம், ஒரே துண்டைக் குடைந்தது. வலப்பக்கம் வலந்தலை, இடப்பக்கம் தொப்பி. இருபுறமும் தோல்களை அடுக்கிப் பின்னிய மூட்டு. இரண்டு மூட்டுகளையும் இழுத்துக் கட்டுவது வார். பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்துக்கு வேண்டும். வலந்தலைக்குப் பசுத்தோல் இல்லாமல் முடியாது. வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாகத் தெரிவது கரணை. கிட்டான் என்ற கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, தோலின் மேல் மெல்லிய பூச்சாக வைத்து, காயும்வரை ஒரு வழவழப்பான கல்லால் தேய்த்து, அதன்மேல் அடுத்த பூச்சு வைத்து, மறுபடி தேய்த்து... இப்படி அடுக்கடுக்காக ஏற்றுவது. தொப்பியில் ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாக ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள். அதை வாசிப்பவரே செய்துகொள்வார். மற்ற எல்லாம் செய்பவர் வேலை.

முதல் மாதம் எங்கள் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ‘எப்படித் தெரியும்?’ என்பதுதான். இந்தத் தோல் வலந்தலைக்கு ஆகும், அது ஆகாது என்று எப்படித் தெரியும்? இந்தப் பூச்சு போதும் என்று எப்படித் தெரியும்? பெரியவர் நிமிராமலே சொல்வார்: “கை சொல்லும் தம்பி.” பாப்பா என்று எங்களில் மற்றவரைக் கூப்பிடுவார். “கை சொல்லும் பாப்பா. அவ்ளோதான்.”

எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. மைக்கேல் பொலானி 1966இல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லில் வந்துவிடாது என்பது அதன் சாரம். சைக்கிள் ஓட்டத் தெரியும், எப்படி என்று சொல்லத் தெரியாது அல்லவா, அதைப்போல. இதை உள்ளுறை அறிவு என்கிறோம். எங்கள் துறையில் கைவினைஞரைப் பற்றி எழுதும் யாரும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போவதில்லை. பெரியவரின் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டோம். அறிக்கையின் தலைப்புகூடக் கிடைத்துவிட்டது.

ஐந்தாம் மாதம் எங்களில் ஒருவர் ஒரு தோலைக் கெடுத்தோம். சும்மா பார்க்காமல் கொஞ்சம் கையையும் வைத்துப் பாருங்கள் என்று தம்பி மகன் சொன்னதால் வந்த வினை. ஊறிய தோலில் மயிர் வழித்துக்கொண்டிருந்தபோது கத்தி ஓர் இடத்தில் இறங்கிவிட்டது. கண்ணுக்கே தெரியாத கீறல். உலர்த்த இழுத்துக் கட்டியதும் அது வாய் திறந்தது. பெரியவர் பார்த்தார். அதன்பின் அவர் பேசியது இருபது நிமிடம்.

முதுகெலும்பை ஒட்டிய தோல் இறுக்கம், வயிற்றுத்தோல் தொய்யும், அதை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், சுருதி நிற்காது என்றார். பட்டினி கிடந்த மாட்டின் தோலுக்கும் தீனி தின்ற மாட்டின் தோலுக்கும் விரலால் நிமிண்டினால் என்ன வேறுபாடு என்றார். உண்ணி கடித்த தழும்பு உள்பக்கத்தில் எப்படித் தெரியும், அந்த இடம் ஏன் அடி தாங்காது, உரிப்பவர் அவசரப்பட்டால் கத்தி எந்த இடத்தில் வழுக்கும், மழைக்காலத்தில் காயவைத்த தோல் ஏன் அடுத்த கோடையில் பழிவாங்கும், நீங்கள் கெடுத்தது என்ன விலை, அந்த மாடு என்ன வயது, ஏன் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்... ஒரு வார்த்தை தடுமாறவில்லை. காரணமும் விளைவுமாக, ஒரு பாடநூல் ஆசிரியரைப்போலப் பேசினார். திட்டிக்கொண்டேதான்.

அன்று இரவு எங்களால் குறிப்பேட்டைத் திறக்கவே முடியவில்லை. அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததே இல்லை. எங்கள் கேள்வி அப்படி. ‘எப்படித் தெரியும்?’ என்பது அந்த வேலையை ஒருநாளும் செய்யப்போகாதவன் கேட்கும் கேள்வி. அதற்கு அவர் வைத்திருந்த விடைதான் ‘கை சொல்லும்’. வாசலில் நிற்பவருக்கு மரியாதையோடு கதவைச் சாத்தும் விடை அது. வித்வான்களுக்கும் அதையே சொல்லியிருப்பார், பத்திரிகைக்காரர்களுக்கும் அதையே. தோல் கெட்டு நட்டமான பிறகுதான், பழகும் பையனிடம் பேசுவதுபோல எங்களிடம் பேசினார்.

சொல்லில் அடங்காத திறன் என்று ஒன்று கிடையாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. கரணை தேய்க்கும் அழுத்தத்தை எந்தச் சொல்லாலும் கற்பிக்க முடியாதுதான். ஆனால் நம் மக்களைப் பற்றி எழுதும்போது மட்டும் இந்தச் சொல் எவ்வளவு வசதியாக வந்து உட்காருகிறது என்று பாருங்கள். அறிவு கையில் இருக்கிறது என்று எழுதிவிட்டால் தலையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தலை இல்லாதவனுக்குப் பெயர் போட வேண்டியதில்லை, ஆசிரியர் பணி தர வேண்டியதில்லை, கருத்துக் கேட்க வேண்டியதில்லை. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற பழைய கதையை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வதற்கு எங்கள் துறை ஒரு நாகரிகமான வழி கண்டுபிடித்திருக்கிறது.

சர் சி.வி. இராமன் இந்திய மத்தளங்களின் ஒலியைப் பற்றி 1920இலும் பிறகு 1934இலும் எழுதினார். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் வரும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாது, இரைச்சலாகத்தான் இருக்கும். நடுவில் ஏற்றிய கரணையின் சுமைதான் அவற்றை ஒத்திசையச் செய்து, தந்தி வாத்தியம்போலச் சுருதியுள்ள நாதமாக்குகிறது என்று காட்டினார். நல்ல அறிவியல். ஆனால் ஆய்வகத்தில் விளக்கம் கிடைப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு விரலால் தட்டிக் கேட்டு, ஓரத்தில் கொஞ்சம் குறைத்து, நடுவில் கொஞ்சம் கூட்டி, அந்த ஒத்திசைவை வரவழைத்தவர்கள் சேரியில் இருந்தார்கள். அவர்கள் செய்தது சோதனைதான். குறிப்பேடு மட்டும் இல்லை.

அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியவந்ததே அண்மையில்தான். டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வந்தது. தஞ்சாவூர் செபாஸ்டியன், அவர் மகன் பர்லாந்து, அவர்களின் வழிவந்தவர்கள், மற்றக் குடும்பங்கள் என்று மிருதங்கம் செய்த தலித் கிறித்தவர்களின் வரலாறு அதில் இருக்கிறது. பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று உலகம் கொண்டாடியதில் பர்லாந்தின் பங்கு எவ்வளவு என்று அந்த நூல் பேசியது. பசுத்தோலைப் பற்றியும் பேசியது. அந்த நூலின் வெளியீட்டுக்குக் கலாஷேத்ரா முதலில் அரங்கம் தந்து, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. வேறிடத்தில்தான் வெளியிட்டார்கள். வாத்தியம் மேடைக்கு வரலாம். அதைச் செய்தவரின் கதை வரக்கூடாது. (அந்த நூலையும் நம்மில் ஒருவர் எழுதவில்லை என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. அது எழுதியவர் மீதான குறை அல்ல.)

எங்கள் கடைக்குத் திரும்புவோம். வந்து சேரும் பையன் முதலில் என்ன செய்கிறான்? பெருக்குகிறான், டீ வாங்குகிறான், தோலை ஊறப்போடுகிறான். பிறகு மயிர் வழிக்கிறான். பிறகு வார் பிடிக்கிறான், அதாவது காலை முட்டுக்கொடுத்து வாரை இழுத்து இறுக்குகிறான். முதுகு ஒடியும் வேலை. பிறகு மூட்டுப் பின்னல். கரணை கடைசி. வெளியே நின்று பார்த்தால் எடுபிடி வேலையில் தொடங்கி மெல்ல மெல்ல முன்னேறுவதாகத் தோன்றும்.

ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவில் தையல்காரர்களிடம் வேலை பழகும் பையன்களோடு இருந்து எழுதினார். எட்டியென் வெங்கரோடு சேர்ந்து அவர் 1991இல் வெளியிட்ட சிறு நூலிலும் அது வருகிறது. அந்தப் பையன்கள் சட்டை தைப்பதைத் தலைகீழாகக் கற்கிறார்கள். பொத்தான் வைப்பது, ஓரம் அடிப்பது, இஸ்திரி போடுவது முதலில். துணி வெட்டுவது கடைசியில். பொத்தானைத் தப்பாக வைத்தால் பிரித்துவிடலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போயிற்று. நட்டம் குறைந்த இடத்திலிருந்து நட்டம் கூடிய இடத்துக்குப் போகிறது படிப்பு. அதுமட்டுமல்ல, முடிந்த பொருளைக் கையில் வைத்தபடிதான் தொடங்குகிறான். எங்கள் கடையிலும் பையன் வார் பிடிக்கும்போது அவன் மடியில் இருப்பது முழு மிருதங்கம். ஒவ்வோர் இழுப்புக்கும் பெரியவர் தட்டிப் பார்க்கிறார். இழுப்புக்கும் நாதத்துக்கும் உள்ள உறவு யாரும் சொல்லாமலே பையன் காதில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாடத்திட்டம் இருக்கிறது, எழுதி ஒட்டவில்லை.

அதே நூலில் இன்னோர் உதாரணம் உண்டு. அதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் இறைச்சி வெட்டப் பழக வந்த பையன்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் பக்கம் நிறுத்திவிட்டார்கள். தேர்ந்தவர்கள் வெட்டும் மேசை அங்கிருந்து தெரியாது. பார்க்க முடியாததால் கற்கவும் முடியவில்லை. கற்பதற்கு முதல் தேவை ஆசிரியர்கூட அல்ல, பார்வை படும் இடத்தில் நிற்க அனுமதி.

மிருதங்கம் செய்பவருக்கு அந்த அனுமதி எங்கே இருந்தது? தான் செய்த வாத்தியம் கச்சேரியில் எப்படிப் பேசுகிறது, பாட்டோடு எப்படி ஒட்டுகிறது, மூன்றாவது மணி நேரத்தில் சுருதி எப்படி இறங்குகிறது என்று கேட்டால்தான் அடுத்ததைச் சரிசெய்ய முடியும். வித்வான் வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவர்கள், சபாவில் பக்கவாட்டில் நின்றவர்கள் எப்படிக் கற்றார்கள்? பெரியவரிடம் கேட்டோம். இந்த முறை கேள்வியை ஒழுங்காகக் கேட்டோம். அவர் அப்பா அவருக்குக் கற்றுக்கொடுத்தது முகம் படிக்க என்றார். வித்வான் தட்டுவார். “என்னமோ இடிக்கிறது” என்பார். என்ன இடிக்கிறது என்று சொல்லமாட்டார், பலருக்குச் சொல்லவும் தெரியாது. புருவம், உதட்டுக்கோணல், எந்த விரல் தயங்குகிறது என்பதை வைத்து வெட்டுத்தட்டில் குறையா, கரணையில் குறையா என்று இவர் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கல்லூரிகளில் இதைப் பயனர் ஆய்வு என்று இரண்டு பருவம் கற்பிக்கிறோம். இவர்கள் கற்றது தலையைக் குனிந்துகொண்டு. நேராகப் பார்த்தால் திமிர் என்பார்கள். குனிந்த தலையோடு முகம் படிப்பது ஒரு திறன்தான். அதைத் திறன் என்று எழுதும்போது எங்கள் கை கூசியது.

சொல்லாளர் யார், கையாளர் யார் என்ற கேள்வி இங்கே தலைகீழாகிறது. பேசும் உரிமை வித்வானிடம் இருந்தது, சொல்லத் தெரிந்தது செய்பவருக்கு.

பெண்களைப் பற்றி. ‘கைவினைஞர் எத்தனை பேர்?’ என்ற எங்கள் படிவத்தில் நான்கு என்று எழுதியிருந்தோம். பெரியவரின் மனைவி ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். மூலையில் தட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, “டேய், தொப்பிப் பக்கம் ஈரம் போகல, இன்னும் ஒரு நாள் போடு” என்றுவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தார். கிட்டானை இடித்துச் சலிப்பது அவர் வீட்டு வேலை என்பது அன்றுதான் தெரிந்தது. சலிப்பின் நைசைப் பொறுத்துத்தான் கரணை நிற்கும். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். மாமியார் என்றார். படிவத்தைத் திருத்தினோம். பெரியவர், “அது வீட்டு வேலை பாப்பா, அதையெல்லாமா எழுதுவாங்க?” என்றார். இதை நாம் நம் ஆட்களிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம்.

1953இல் இராஜாஜி சென்னை மாகாணத்தில் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை வீட்டில் அப்பா செய்யும் தொழிலைப் பழக வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954இல் இராஜாஜி பதவி விலகி, காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. இன்று எங்கள் துறையின் கட்டுரைகளைப் படித்தால் இராஜாஜி கொஞ்சம் முன்கூட்டிப் பிறந்துவிட்ட வடிவமைப்புச் சிந்தனையாளர் என்று தோன்றும். செய்து கற்றல், சூழலில் கற்றல், குடும்பமே பள்ளி... எல்லாம் அதில் இருக்கிறது. கற்றல் முறையாக அதில் பிழை காண்பது கடினம். லைபீரியாவின் தையல்காரப் பையனும் அப்படித்தான் கற்றான். பிழை ஒரே இடத்தில். யார் எதைக் கற்பது என்பது பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். செருப்பு, சலவை, முடிதிருத்தல், மண்பாண்டம் எல்லாம் உண்டு. குரு சிஷ்யப் பரம்பரையையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவது நோக்கம் என்று அதன் அறிமுகமே சொல்கிறது. தகுதி வயது 18. கல்லூரிக்குப் போகிற வயது. குடும்பத்தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. கிடைக்காததால் இங்கே அதை ஏற்கவில்லை. 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கினார்கள். அந்த 35 என்ற எண்ணுக்குப் பொருள் இருக்கிறது. அந்த வயதில் ஒருவர் செய்யும் தொழில் பெரும்பாலும் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது. 18இல் கையில் கருவியும் கடனும் கொடுத்தால் அது அழைப்பு.

பாபாசாகேப் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, உழைப்பவர்களையே பிரித்துப் படிநிலையில் அடுக்குகிறது என்றார். விருப்பமில்லாமல் தலையில் கட்டிய வேலையில் மனமும் அறிவும் ஈடுபடாது, அங்கே திறன் எப்படி வளரும் என்றும் கேட்டார். முதல் கருத்தில் எங்களுக்கு எந்த ஐயமும் இல்லை. இரண்டாவதில் நாங்கள் பல நாள் தடுமாறினோம். ஏனென்றால் கண்முன்னே பெரியவர் இருக்கிறார். மனமும் அறிவும் முழுக்க அந்தத் தோலில்தான் இருக்கின்றன. ஒரு பூச்சு சரியாக விழுந்துவிட்டால் தனக்குள் சிரித்துக்கொள்கிறார். பாபாசாகேப் சொன்னது பொய்யா?

இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தோம். அவருடைய அறிவு போவதற்கு வேறு வாசல் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவு பெரிய அறிவை இவ்வளவு சின்ன அறைக்குள் அடைத்தால் அது அந்த அறையை அற்புதமாக்கும். அறை அற்புதமாக இருக்கிறது என்பது அடைத்ததற்கு நியாயமாகாது. கைவினையைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நாங்களும் வழுக்கினோம்.

எங்கள் துறையில் இன்னொரு வாக்கியம் உண்டு. எல்லா அறிக்கையிலும் வரும். ‘இளைய தலைமுறை ஆர்வம் காட்டுவதில்லை, கலை அழிந்துகொண்டிருக்கிறது.’ ஆர்வம் காட்டவில்லை என்பது மழை பெய்யவில்லை என்பதுபோல எழுதப்படுகிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் குஜராத்தில் தலித்துகள் செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்றார்கள். அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதை ஆர்வமின்மை என்று யாராவது எழுதுவார்களா? நம் ஊரில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிவாங்கிய ஊர்கள் எத்தனை? மறுப்பதும் ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுப்பதுதான்.

பெரியவருக்கு ஒரு பேரன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தாத்தாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவான். உள்ளே வந்து உட்காரப் பெரியவர் விடுவதில்லை. வேலை பழகும் இரண்டு பையன்களும் சொந்தக்காரர்கள் அல்ல. ஒருவன் நம் ஆள்கூட அல்ல. வேறு சாதிப் பையன், மிருதங்கம் கற்கப்போய், செய்வதில் ஆசைப்பட்டு வந்தவன். அவனுக்குக் கரணை வரை சொல்லிக்கொடுக்கிறார். “அவன் வந்ததே ஆசைப்பட்டு. நாளைக்குப் புடிக்கலைனா போய்டுவான். எம்பேரன் ஒக்காந்தா எந்திரிக்க முடியாது தம்பி” என்றார். ஐயா பறையைப் பரணில் ஏற்றியதும் இதுவும் ஒன்றுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஆனால் அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டோம். ஒரு மாலை, பேரன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டே சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். சொல்கட்டு சுத்தமாக இருந்தது. பெரியவர் வேலையை நிறுத்திக் கேட்டார். அவன் போனபிறகும் கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை.

கேமராவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கரணை போடும் பகுதியைப் படம் எடுக்க வேண்டாம் என்று பெரியவர் ஆறாம் மாதம் கேட்டார். அணைத்துவிட்டோம். எங்கள் நிறுவனம் அதைத்தான் முக்கியமாகக் கேட்டது. ஆவணப்படுத்தாவிட்டால் அழிந்துவிடும் என்றார்கள். அவர் பயம் வேறு. கோலாப்பூர் செருப்பு அவருக்குத் தெரியும், டிவியில் பார்த்திருக்கிறார். சாம்பார் மக்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் அந்தச் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உரிமை பதிவானது மகாராட்டிர, கர்நாடக அரசுகளின் தோல் கழகங்களின் பெயரில். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் அதைப்போன்ற செருப்பை, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே காட்டியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஒப்புக்கொண்டது. “நீங்க படம் புடிச்சுட்டுப் போய்டுவீங்க. நாளைக்கு எவனோ அதைப் பாத்துச் செய்வான். செய்யட்டும். கத்துக்கிட்டது யார்கிட்டன்னு கேட்டா என்ன சொல்வான்?” என்றார்.

நாங்கள் கேட்பது என்ன என்று இங்கே சிலர் கேட்கலாம். பெரியவர் போன்றவர்கள் பட்டம் இல்லாமலே இசைக் கல்லூரியிலும் வடிவமைப்புக் கல்லூரியிலும் சம்பளத்தோடு ஆசிரியராக உட்கார வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து பழகலாம், பழகும் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும். ஐயர் வீட்டுப் பிள்ளை தோல் வழிக்கட்டும், எங்களுக்குப் பார்க்க ஆசை. நம் பிள்ளைகள் வந்தால் விரும்பி வரட்டும், வராவிட்டால் ஆர்வமின்மை என்று யாரும் எழுதக்கூடாது. செய்தவர் பெயர் கட்டையில் இருக்க வேண்டும். ஆவணம் எடுத்தால் அதன் உரிமையில் அவருக்குப் பங்கு வேண்டும். தோல் பதனிடுதலை லெதர் டெக்னாலஜி என்று பி.டெக். பட்டமாக்கத் தெரிந்த நாட்டில் இது முடியாததல்ல. அங்கே பட்டம் வாங்கியவர் மேசையில் உட்காருகிறார், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவது இன்னும் நாம்தான் என்ற பாடத்தையும் மறந்துவிடாமல் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. தோலைக் கெடுத்த அன்று எங்கள் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருபது நிமிடத் திட்டு முழுதாக இருக்கிறது. பேரனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கேட்கவேண்டும் என்றான். பெரியவரிடம் அனுமதி கேட்டோம். வெகுநேரம் வாரை நீவிக்கொண்டிருந்துவிட்டு, “கேக்கட்டும். ஒக்கார வேணாம், கேக்கட்டும்” என்றார். ஒரு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தோம். நான்கைந்து முறை கேட்டிருக்கிறான் போல. போன வாரம் எங்களைக் கூப்பிட்டு, உண்ணித் தழும்பைப் பற்றித் தாத்தா சொன்ன இடம் சரியாகக் கேட்கவில்லை, என்ன சொன்னார் என்றான்.

எங்கள் நிறுவனமும் அந்தப் பதிவைக் கேட்கிறது. திட்டப் பணத்தில் எடுத்தது, ஒப்பந்தப்படி அவர்களுடையது என்று இதுவரை மூன்று கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. பெரியவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அதை அவரிடம் நீட்டியவர்கள் நாங்கள்தான். அந்தப் படிவத்தின் நகலும் மூன்று கடிதங்களும் கையோடு இருக்கின்றன. இந்த அவையில் வழக்கறிஞர் தோழர்கள் சிலரைப் பார்க்கிறோம். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் எங்களோடு உட்காருங்கள்.